குடும்பப் படம்

"குடும்பத்துல இல்லாதவங்க கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று.

தரையில் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றாள்.

கோட்டுக்கு உள்ளே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஏழுமலை மாமா, அவள் புருஷனின் அண்ணன். இன்னொன்றில் அவர் மனைவி அஞ்சலை அக்கா. அக்காவின் மடியில் பவிஷா.

பவிஷா, கோட்டுக்கு வெளியே நிற்கும் இவள் பெற்ற பிள்ளை.

கல்யாண மண்டபத்தில் காப்பீட்டு அட்டை முகாம். காலையில் வந்தபோது மேஜைகூடப் போட்டிருக்கவில்லை. வயர் இழுத்தார்கள். கேமராவை வைத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி வைத்தார்கள். சர்வர் வந்தது, கரண்ட் போனது. கரண்ட் வந்தது, சர்வர் போனது. இப்போதுதான் ஆரம்பிக்கிறோம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

எவ்வளவு நேரம்தான் பொறுப்பது? மற்றவர்களுக்கு என்ன, இன்று இல்லாவிட்டால் நாளை.

பவிஷாவுக்கு இதயத்தில் ஓட்டை. வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அட்டை இல்லாமல் வராதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ரேஷன் கார்டில் யார் பேரோடு யார் பேர் இருக்கிறதோ, அவர்களுக்குத்தான் ஒரே அட்டை, ஒரே படம்.

பவிஷாவின் பேர் அஞ்சலை அக்கா கார்டில் இருக்கிறது.

இந்தக் கூத்தைக் கட்டியது அவள் புருஷன்தான். அண்ணனும் அண்ணியும் தனிச் சமையல் வைத்தபோது அவர்களுக்குக் கார்டு கிடைக்கவில்லை. ஒரே வாசல், இருப்பதே ரெண்டு பேர், இதற்கு எதற்குத் தனிக் கார்டு என்று திருப்பி அனுப்பினார்கள். "நம்ம பாப்பா பேர உன் மகள்னு எழுதிக்கண்ணா. பேருதான, பிள்ளையவா தூக்கிக் குடுக்கிறோம்" என்றான், பெரிய தாராளப் பிரபு. பிள்ளையில்லாத வீட்டில் ஒரு பிள்ளையின் பேர் ஏறினால் ராசி என்று மாமியார் வேறு ஒத்து ஊதினாள். பவிஷா அப்போது கைக்குழந்தை. நெஞ்சுக்குள் ஓட்டை இருப்பது யாருக்குத் தெரியும்?

அவளும்தான் தலையாட்டினாள்.

இப்போது அங்கே நீக்கி இங்கே சேர்க்க மாதக்கணக்காகுமாம். அந்த மகராசனோ, இன்றைக்கு லோடு இருக்கிறது என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யாரிடம் காட்டுவது? மண்டபத்துச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அஞ்சலை அக்கா வரச் சம்மதித்ததே பெரிது. அதைச் சொல்லத்தான் வேண்டும். புதுப்புடவை கட்டியிருந்தாள். தலை நிறையப் பூ. பவிஷாவுக்கும் ஒரு புதுக் கவுன் வாங்கி வந்திருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே கையை நீட்டினாள்.

"குடு, நான் தூக்கிக்கிறேன். போட்டோவுக்கு எங்கிட்ட ஒட்டணுமில்ல."

கொடுத்தாள். வேறென்ன செய்வாள்?

"பாப்பா, இங்க பாரு."

பவிஷா பார்க்கவில்லை. கோட்டுக்கு வெளியே பார்த்தாள்.

கேமரா முன்னால் இருந்த பெண் விரலைச் சொடுக்கினாள். செல்போனில் பாட்டுப் போட்டாள். "முகம் நேரா இல்லன்னா மெஷின் எடுக்காதும்மா" என்று அலுத்துக்கொண்டாள். நெட் இருக்கும்போதே முடிங்க என்று வரிசையில் யாரோ கத்தினார்கள்.

பவிஷா உதட்டைப் பிதுக்கினாள். அழுதால் அந்த உதடு நீலமாகிவிடும். அது அங்கே இவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பிள்ளை இரண்டு கைகளையும் இவளைப் பார்த்து நீட்டியது.

"அம்மா!"

மண்டபத்துக்கே கேட்டது.

கேமராப் பெண் திரையைப் பார்த்தாள். அதில் பவிஷாவின் பேருக்கு எதிரே மகள் என்று இருந்தது. அஞ்சலை அக்காவைப் பார்த்தாள். பிறகு கோட்டுக்கு வெளியே நிற்பவளைப் பார்த்தாள்.

"நீங்க இவளுக்கு யாரு?"

ஏழுமலை மாமா தரையைப் பார்த்தார். அஞ்சலை அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

வாயில் வந்துவிட்டது. அதைச் சொன்னால் அட்டை இல்லை.

வெள்ளிக்கிழமையும் இல்லை.

"சித்தி" என்றாள்.

கேமராப் பெண் இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சித்தியையும் அம்மான்னுதான் கூப்பிடுவா. பொறந்ததுலேருந்து எங்கிட்ட ஒட்டுதல் ஜாஸ்தி."

"அப்ப இப்பிடி வந்து கேமராவுக்குப் பின்னாடி நில்லுங்க. உங்களப் பாத்தாத்தான் திரும்புவா போல."

வந்து நின்றாள்.

பவிஷா திரும்பினாள். அழுகை நின்றது. ஆனால் இவள் கிட்டே வந்ததும் மடியை விட்டு இறங்கப் பார்த்தாள்.

அவள் குனிந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எறங்கக் கூடாது கண்ணு. அம்மா மடியில உக்காந்திருக்க இல்ல? நல்லா சாஞ்சுக்கோ."

பவிஷா அண்ணாந்து அஞ்சலை அக்காவைப் பார்த்தாள். மறுபடி இவளைப் பார்த்தாள்.

சாய்ந்துகொண்டாள்.

கேமரா மின்னியது.

"முடிஞ்சுது, எழுந்துக்கலாம். அடுத்தவங்க வாங்க."

ஏழுமலை மாமா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அடுத்த குடும்பம் கோட்டுக்குள் வந்து நின்றது.

பிள்ளையை வாங்கிக்கொள்ள அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அஞ்சலை அக்கா எழுந்திருக்கவில்லை.