நாரில் போட்ட சோளம்

தூக்கணாங்குருவி தோப்பு முழுக்க மரத்துக்கு மரம் நார் இழுத்துக் கட்டியது. ஒரு மரத்தில் பேசினால் கடைசி மரம்வரை கேட்கும். மழைக்காலத்துக்குச் சேர்த்த சோளத்தில் பாதியை அணில் அதில் பங்காகப் போட்டது.

"குயில் கச்சேரியில போட்டிருந்தா பேராவது கிடைச்சிருக்கும். போயும் போயும் நாருலயா போட்ட, பைத்தியமே!" என்றது காகம்.

முதல் காற்றிலேயே நார் அறுந்தது. அணிலுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மீதிச் சோளத்தையும் தூக்கிக்கொண்டு குருவியிடம் போனது. "மறுபடியும் கட்டு. இந்தத் தடவை ரெட்டை நாரா கட்டு."

காகத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் கூத்தைத் தோப்பு முழுக்கச் சொல்லியாக வேண்டுமே! தொண்டை கிழியக் கத்தியும் குரல் நாலு மரம் தாண்டவில்லை. கடைசியில் அணிலிடமே வந்தது. "நார் எப்ப சரியாகும்?"

"இப்பவே ஆயிடுச்சு. தாராளமா என்னைத் திட்டு," என்றது அணில். "ஒரு வசவுக்கு ஒரு சோளம்."