தொண்ணூறு நிமிடம்

இந்த மாதம் யாருடைய வேலைநேரம் அதிகம் கூடியிருக்கிறது என்று மானேஜர் தயாபரன் கேட்டார். ஊழியர்களின் வருகைப்பதிவைக் கவனிக்கும் ஜெசிந்தா, கணினி ஓடும் நேரத்தைக் குறித்துவைக்கும் மென்பொருளில் தேதிகளைக் கொடுத்துத் தேடினாள். தமயந்தியின் பெயர் முதலில் வந்தது. பிரசவ விடுப்பு முடிந்து வந்ததிலிருந்து தினமும் மூன்று முறை, அரைமணி அரைமணியாக, தமயந்தியின் கணினி சும்மா கிடக்கும். ஸ்டோர் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருக்கும் பிள்ளைக்குப் பால் பீய்ச்சி எடுத்துவைப்பாள். அதைக் கண்டித்து இரண்டு முறை மெயில் போட்டவளே ஜெசிந்தாதான். பதினான்காம் தேதியிலிருந்து அந்த இடைவெளி ஒன்றுகூட இல்லை. அதற்கு முன் மூன்று நாள் விடுப்பு. யாரும் படிக்காமலே ஒப்புதல் ஆகியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் ‘குழந்தை தவறிவிட்டது’ என்றிருந்தது. ஜெசிந்தா இன்னொரு முறை படித்தாள்.

“லீவு நாளையெல்லாம் எடுத்துட்டுக் காட்டுங்க, சராசரி கெட்டுப்போகுது” என்றார் பின்னால் வந்து நின்ற தயாபரன்.

எடுத்தாள். அந்த வரியும் போயிற்று.

மாலைக் கூட்டத்தில் அவர் தமயந்தியை எழுந்து நிற்கச் சொன்னார். “ஒரு நாளைக்குத் தொண்ணூறு நிமிஷம் மிச்சம் பிடிச்சிருக்காங்க. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு இவங்களால முடியுதுன்னா உங்களுக்கெல்லாம் என்ன?”

எல்லோரும் கை தட்டினார்கள். ஜெசிந்தாவும் தட்டினாள். தமயந்தி துப்பட்டாவை இழுத்து, ஈரம் படர்ந்த மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கைதட்டல் ஓய்வதற்குள் அதுவும் நனைந்துவிட்டது.