ஒரே கயிற்றில் இருவர்

இந்த அம்மா இன்னும் ஒரு தடவை 'பகவானே' என்று பெருமூச்சு விட்டால் எனக்கு இருபது புள்ளி ஏறிவிடும்.

ஷ்ருதி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சட்டைக்கையை லேசாக ஒதுக்கி, மேல்கையில் ஒட்டியிருந்த வட்டச் சென்ஸருக்குப் போனைக் காட்டினாள். சர்க்கரை நூற்று எழுபது. அம்புக்குறி மேல்நோக்கி.

செம்பூரில், விசாவுக்கான மருத்துவப் பரிசோதனை செய்யும் கிளினிக்கில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாமியார் சுப்புலக்ஷ்மி. அந்தப் பக்கம் கணவன் நகுல். பரிசோதனை இரண்டு பேருக்குத்தான். சுப்புலக்ஷ்மி தைரியத்துக்கு வந்திருந்தாள். யாருடைய தைரியத்துக்கு என்று சொல்லவில்லை.

அவள் மடியில் ஒரு பிளாஸ்க் நிறையப் பாகற்காய்ச் சாறு. பதினோரு வயதிலிருந்து இன்சுலின் போட்டும் போகாத சர்க்கரை, மாட்டுங்காவிலிருந்து செம்பூர் வருவதற்குள் டாக்ஸியிலேயே போய்விடும் என்று நம்பினாள்.

"இன்னும் ஒரு வாய் குடிச்சுக்கோ, கொழந்தே. கசக்கட்டும். கசந்தாத்தான் அது ஓடும்."

"குடிச்சாச்சும்மா. மிச்சத்தை நகுலுக்குக் கொடுங்கோ."

"அவனுக்கு எதுக்காக்கும்? அவனுக்கு ஒரு கொறையும் இல்லை."

குறையில்லாதவன் எதிர்ச் சுவரிலிருந்த தீயணைப்புக் கருவியின் உபயோக முறையை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

நகுல் ஆஸ்திரேலியா போகிறான் என்று தெரியாத வீடு மாட்டுங்காவில் இல்லை. கோயிலில் அவன் பெயருக்கு, உத்திரட்டாதி நட்சத்திரத்துக்கு, வாராவாரம் அர்ச்சனை நடந்தது. கீழ்வீட்டு விஜயலக்ஷ்மி மாமி அவனுக்குக் குரங்குக் குல்லாய் பின்னிக் கொடுத்தாள். அங்கத்துக் காற்று காதுக்கு ஆகாதாம். ஷ்ருதிக்கும் ஒன்று பின்னுவதாகச் சொல்லியிருந்தாள், கம்பளி மிஞ்சினால்.

மிஞ்சவில்லை.

அந்த மாமிதான் போன வாரம் சேதியையும் கொண்டுவந்தாள். அவளுடைய அக்கா பிள்ளை சொன்னானாம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே விண்ணப்பம். மருத்துவத்தில் ஒருத்தர் தேறாவிட்டால் இரண்டு பேருக்கும் விசா இல்லை.

அன்றிலிருந்து சுப்புலக்ஷ்மிக்குத் தூக்கம் இல்லை.

எதையும் மறைக்க வேண்டாம், உன் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று ஷ்ருதியின் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. இருபது வருடமாக, ஊசி குத்தும் இடத்தைத் தினமும் மாற்றி மாற்றித் தானே பார்த்துக்கொண்ட உடம்பு. அதற்கு வேறொரு நாட்டில் இடம் உண்டா என்று இனி முன்பின் தெரியாத யாரோ முடிவு செய்வார்கள். அதை நினைத்தபோதும் ஏறியிருக்கும். போனைக் காட்டிப் பார்க்க அவளுக்கு மனமில்லை.

சுப்புலக்ஷ்மி குரலைத் தாழ்த்தினாள். அவள் தாழ்த்திய குரல் எதிர்வரிசை வரைக்கும் கேட்கும்.

"பாரு, உன்னைக் கொறை சொல்றேன்னு நெனைச்சுக்காதே. ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டி வெச்சிருக்கா. நீ உள்ள போய், எனக்கு வேண்டாம், என் பேரை எடுத்துடுங்கோன்னு சொல்லிடு. அவன் முன்னாடி போகட்டும். உனக்கு ஒடம்பு நன்னா ஆனப்பறம் போய்ச் சேந்துக்கலாம், கேட்டியா?"

"இது நன்னா ஆயிடறது இல்லைம்மா. கூடவே இருக்கறது."

"அதைத்தான் நானும் சொல்றேன். கூடவே இருக்கறதை எதுக்கு அவன் தலைல கட்டணும்?"

எதிர்வரிசையிலிருந்த பஞ்சாபிக் குடும்பம், தமிழ் தெரியாமலேயே, விஷயம் புரிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தது.

ஷ்ருதி நகுலைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லேன். ஒரு வாக்கியம்தானே. நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று அர்ச்சனைத் தட்டையும் வாங்கிக்கொண்டு, குல்லாயையும் போட்டுப் பார்த்தாயே.

நகுல் தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதிக்கு வந்திருந்தான்.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப்பார்த்து, அவர்களுடைய விண்ணப்ப எண்ணைப் படித்தாள்.

"மெயின் அப்ளிகன்ட் பெஹ்லே. கோன் ஹை?"

யார் பேரில் விண்ணப்பமோ அவர்தான் முதலில் வர வேண்டுமாம்.

சுப்புலக்ஷ்மி மகனின் முதுகில் தட்டினாள். "போடா. உன்னைத்தான்."

நகுல் எழுந்தான். எழுந்தவன் உள்ளே போகவில்லை. ஷ்ருதியின் காதுப் பக்கம் குனிந்தான்.

"இன்னிக்கு ஒரு நாள் என்னை முதல்ல போக விடு, ஷ்ருதி. உள்ள போய்ச் சொல்லிக்கறேன். அம்மா ஊரெல்லாம் சொல்லிட்டா."

ஆஸ்திரேலியாவுக்கு மார்க்கெட்டிங் தெரிந்த நகுல் தேவைப்படவில்லை. கழிவுநீர்க் குழாய்களைப் பற்றித் தெரிந்த பொறியாளர் ஒருத்தி தேவைப்பட்டாள். விருப்பமிருந்தால் கணவனையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று அந்த நாடு பெரிய மனது பண்ணியிருந்தது.

ஷ்ருதி தன் கைப்பையை நகுலிடம் கொடுத்தாள். அது எவ்வளவு கனம் என்று அவன் அதுவரை தூக்கிப் பார்த்ததில்லை. சற்றுத் தடுமாறி, மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

"மை ஹூன்," நான்தான் என்றாள் நர்ஸிடம்.

"ஏண்டா," என்று சுப்புலக்ஷ்மி மகனைக் கேட்பது காதில் விழுந்தது. "இவளை எதுக்காக்கும் முதல்ல கூப்பிடறா?"

ஷ்ருதி வாசலில் திரும்பிப் பார்த்தாள். நகுல் பையைக் கட்டிக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நீயே சொல்லிடேன், உனக்குத்தான் நன்னாச் சொல்ல வரும் என்று அந்தக் கண்கள் கெஞ்சின.

உண்மைதான். அவளுக்கு நன்றாகச் சொல்ல வரும்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.