அசையாத முள்

டேட்டா சென்டரின் பின்சுவரில் அரசு பொருத்திய தண்ணீர் மீட்டரின் முன் பெண் ஆய்வாளர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தெருக்குழாய்கள் வறண்டு பத்து நாளாகிறது. இங்கே கூரைமேல் குளிரூட்டும் கோபுரங்கள் தண்ணீரைக் குடித்துக் குடித்து வெள்ளையாக ஆவி விடுகின்றன. மீட்டர் முள்ளோ எனக்கென்ன என்று நிற்கிறது. கண்ணாடி பளபளக்கிறது, முத்திரைக் கம்பி குலையவில்லை. எல்லாம் இத்தனை ஒழுங்காக இருப்பதுதான் அவளுக்கு உறுத்துகிறது. மீட்டருக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட். அங்கே அவள் காதைக் கொண்டுபோகும்போதெல்லாம் கூடவே நிற்கும் சென்டர் மேலாளருக்குப் பேச்சு பொங்குகிறது. "சட்டம் சொன்ன அளவுல பாதிகூட நாங்க எடுக்கலை மேடம். வெயில் வேற கொளுத்துது, உள்ள வாங்களேன்."

"ஒரு நிமிஷம் பேசாம இருங்க சார்."

அவர் வாயை மூடுகிறார். ஈரப் பெயின்ட் அவள் காதில் ஒட்டுகிறது. சுவருக்குள்ளே குழாயில் தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது.