வட்ட வெளிச்சம்

"எடிட் பண்ணாத போட்டோதான் வேணுமாம் தம்பி. மாப்பிள்ளையோட அத்தை கறாராச் சொல்லிருச்சு," என்றபடியே ஸ்டூடியோவுக்குள் வந்தார் சுந்தரம்மாள். பின்னால் மகள் கௌசல்யா, துப்பட்டாவால் பாதி முகத்தை மூடிக்கொண்டு.

குஜிலியம்பாறையிலிருந்து பஸ் ஏறித் திண்டுக்கல் வந்திருந்தார்கள்.

கௌசல்யா துப்பட்டாவை விலக்கியதும் ஸ்டூடியோக்காரர் மன்சூருக்கு விஷயம் புரிந்துவிட்டது. கன்னம் முழுக்கப் பருக் குழிகள்.

"ரெண்டு வரன் வந்து பார்த்துட்டுப் போனதோட சரி. பதிலே இல்ல. இதாவது குதிரணும் தம்பி."

"கவலைய விடுங்கம்மா. எடிட்டே வேணாம்!"

மன்சூர் குஷியாக ரிங் ஃபிளாஷை எடுத்துக் கேமராவில் மாட்டினார். மாடல்களைக் கிளாமராக எடுத்துத் தள்ளப்போகிறேன் என்று சொல்லி வாங்கியது. அதன் பிறகு ஒரு மாடலும் அவரது பேகம்பூர் ஸ்டூடியோப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. "மாவு சலிக்கவாவது ஆகுமா?" என்று அவர் மனைவி முஹ்சினா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

"லென்சைச் சுத்தி வட்டமா வெளிச்சம் வரும்மா. எந்தப் பக்கமும் நிழல் விழாது. நிழல் விழுந்தாத்தானே குழி தெரியும்?"

பளிச்!

கேமராத் திரையில் கௌசல்யா சினிமா நடிகை மாதிரி இருந்தாள். சுந்தரம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எம்புட்டு லட்சணமா இருக்கு எம்புள்ள! இதையே அனுப்பிருங்க தம்பி. நாம ஒண்ணும் எடிட் பண்ணலையே!"

கௌசல்யாவும் ஆசையாகத்தான் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அண்ணே, இந்த லைட்டு இல்லாம, வாசல் வெளிச்சத்துல ஒண்ணு எடுங்க."

"ஏண்டி, கிறுக்கு பிடிச்சிருச்சா?"

"பொண்ணு பார்க்க வந்து, நடுவீட்டுல உக்காந்து அவுக மொகம் மாறுறதை என்னால பார்க்க முடியாதும்மா. வேணாம்னா போன்லயே சொல்லட்டும்."

மன்சூருக்கு மனசே இல்லை. ஆனாலும் அவளை வாசலோரம் உட்கார வைத்து எடுத்தார். ஒரு குழி பாக்கியில்லாமல் எல்லாம் படத்தில் விழுந்தன.

சுந்தரம்மாள் தன் போனை அவர் முன் நீட்டினார்.

"நீங்களே நியாயம் சொல்லுங்க தம்பி. இவர்தான் கீரனூர் மாப்பிள்ளை. மொகம் வழுவழுன்னு எம்புட்டு அம்சமா இருக்காரு! இவ போட்டோவை இப்படி அனுப்புனா சரின்னு சொல்லுவாரா?"

மன்சூர் மாப்பிள்ளையின் முகத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். வாய்விட்டுச் சிரித்தார்.

"அம்மா, இவரு கருவிழியைப் பாருங்க. வெள்ளையா ஒரு வட்டம் தெரியுதா? மொதல்ல எடுத்த படத்துல உங்க பொண்ணு கண்ணுலயும் பாருங்க, அதே வட்டம். இவரையும் இந்த மாதிரி லைட்டை வச்சுத்தான் எடுத்திருக்காங்க!"

சுந்தரம்மாளுக்கு வந்ததே கோபம்.

"அடிப்பாவி! நம்மகிட்ட மட்டும் உள்ளது உள்ளபடி வேணுமாம். இவுக மட்டும் பூசி மெழுகுவாகளாம்! இந்தச் சம்பந்தமே வேணாம். போனைக் குடுங்க, அந்த அத்தைக்காரிய நாலு வார்த்தை கேக்குறேன்."

சற்று முன் தானும் அதே லைட்டுக்குத்தான் ஆசைப்பட்டோம் என்பது அவருக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது.

கௌசல்யா முந்திக்கொண்டு போனை வாங்கினாள். அந்த வழுவழு முகத்தையே சற்று நேரம் பார்த்தாள். வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பாவம்மா, அவருக்கும் என்னைய மாதிரியே பயம் போல. அண்ணே, வாசல்ல எடுத்த போட்டோவையே அனுப்புங்க. அதைப் பார்த்தாவது அவருக்குப் பயம் தெளியட்டும்."