ஆட்சேபம் எதுவும் வரவில்லை

அந்த மெயிலில் சுவர் என்ற சொல் இருந்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பாதுகாப்பு என்ற சொல் இருந்தது. மொட்டைமாடி வழியாகத் திருடன் இறங்குவதால், ஏழாம் மாடிக்கு ஏறும் ஒரே படிக்கட்டை அடைத்துவிடலாம் என்று குடியிருப்புக் கமிட்டிக்கு ஒரு தீர்மானம். ஏழாம் மாடியில் நானும் என் மகள் பூவிழியும் மட்டும்தான். எங்களுக்கு லிஃப்ட் இருக்கிறதாம். நான் கமிட்டியில் இல்லை; உறுப்பினர்கள் ஐந்து பேரும் மெயிலில் ஓட்டுப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடாதவர் சம்மதித்தவராவார். ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும்.

ஐந்து வீட்டுக் கதவையும் தட்டினேன். "இந்த அநியாயத்துக்கு நான் ஓட்டுப் போடுவேனா சார்?" என்று எல்லோருமே சொன்னார்கள். காபி கொடுத்தார்கள்.

சனிக்கிழமை கொத்தனார் வந்து படிக்கட்டில் சுவர் எழுப்பிவிட்டார். செயலாளர் இருதயராஜிடம் ஓடினேன்.

"யார் சார் சம்மதிச்சது?"

"யாரும் எதுவும் எழுதல. அதனால நிறைவேறிடுச்சு."

"நீங்களாவது வேண்டாம்னு எழுதியிருக்கலாமே?"

"மத்த நாலு பேர்ல ஒருத்தர் எழுதுவார்னு இருந்துட்டேன். அவங்களும் அப்படித்தான் இருந்திருப்பாங்க."

"சரி, இடிக்கச் சொல்லுங்க."

"அதுக்கு ஒரு உறுப்பினர் புதுத் தீர்மானம் கொண்டுவரணும், சார்." கதவைப் பாதி சாத்தினார். "யாராவது கொண்டுவருவாங்க."

அடுத்த சில வருடங்களில் ஐவரும் ஒவ்வொருவராக வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். இருதயராஜ் மகனோடு கனடாவில் இருக்கிறார். வாங்கியவர்கள் யாரும் குடிவரவில்லை; கீழ் வீடுகள் எதிலும் விளக்கு எரிவதில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் நானும் பூவிழியும் இருக்கிறோம். இன்று காலையிலிருந்து லிஃப்ட் மேலே வரவில்லை.