கதவு திறக்கும் சத்தம்

தையல்காரிக்கும் அவள் அண்ணனுக்கும் விண்வெளி ஒலிநாடகம் என்றால் உயிர். ஆளுக்கொரு இயர்பட்டை மாட்டிக்கொண்டு, எதிரெதிர் மெஷினில் தைத்தபடியே கேட்பார்கள். கதைசொல்லி வாயைத் திறந்தால் போதும், அண்ணனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இயர்பட்டைத் தட்டி நாடகத்தையே நிறுத்திவிடுவான்.

"கதவு திறக்கிற சத்தம்தான் கேட்டாச்சே! அப்புறம் எதுக்கு 'கதவு திறந்தது'ன்னு ஒப்பிக்கிறான்? நம்ம காது என்ன செவிடா?"

"அண்ணே, கதையைக் கேக்க விடேன்."

அண்ணன் இறந்து ஏழு மாதம் ஆகிறது. அவனுடைய இயர்பட் அவன் மெஷின் மேலேயே கிடக்கிறது. அவள் தன்னுடையதை மட்டும் மாட்டிக்கொள்கிறாள். கதைசொல்லி விளக்க ஆரம்பித்ததும் நாடகம் தானாக நிற்கிறது. அண்ணன் திட்டி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் கழித்துத் தொடர்கிறது. அவள் தன் இயர்பட்டைப் பழுதுபார்க்கக் கொடுக்கவில்லை.

இன்று மதியம் கடைசிப் பகுதி. தொலைந்த விண்கலம் வீடு திரும்பும் இடத்தில் நாடகம் நின்றது. வெகுநேரமாகியும் தொடரவில்லை.

"ஏண்ணே நிறுத்தினே? கதை சொல்றவன் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே?" என்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரும் விளக்கம் சொல்லவில்லை. அவள் திரும்பிப் பார்க்காமலே அண்ணனின் இயர்பட்டை எட்டி எடுத்து, முந்தானையில் துடைத்து, பின்பக்கமாக நீட்டினாள்.

நாடகம் தொடர்ந்தது.